வரி கேட்க வேண்டும்: சொந்தமாக ஒரு தமிழ் ராப் பாட்டு எழுதி, பதிந்து, வெளியிட முழுமையான வழிகாட்டி

முதல் ராப் பாட்டு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் அடிபடுகிறது: பாடியது என்னவென்று கேட்பவருக்குப் புரிவதில்லை. பீட் (பின்னால் ஓடும் இசை) நன்றாக இருக்கும், வேகம் மிரட்டும், வீடியோகூட அழகாக வந்திருக்கும், வரி மட்டும் காதில் விழாது. பீட்டைத் தேர்ந்தெடுப்பது முதல் மேடையில் மைக்கைப் பிடிப்பது வரை இங்கே சொல்லும் வேலைகள் எல்லாமே அந்தக் குறையைப் போக்கத்தான். லேப்டாப், மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), மூடிய ஹெட்ஃபோன், இரண்டு மெத்தை, சில ராத்திரிகள் இருந்தால் போதும்.

வேகமும் பீட்டும்

பீட் தேடும் முன்பு உங்கள் வாயின் வேகத்தைக் கண்டுபிடியுங்கள். நண்பரிடம் கோபமாக ஒரு விஷயம் சொல்வதுபோல் ஒரு நிமிடம் பேசி, போனில் பதியுங்கள். அதை 85, 90, 95 பி.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை தட்டு) வேகத்தில் தட்டிக்காட்டும் மெட்ரோனோமுடன் ஒட்டிப் பாருங்கள். பேச்சு எந்த வேகத்தில் இயல்பாக உட்காருகிறதோ, முதல் பாட்டு அந்த வேகத்தில் இருக்கட்டும். பழைய பூம்-பாப் ராப் பாணி 85 முதல் 95 வரை ஓடும். ட்ராப் பாணிக்கு 130 முதல் 145 என்று எழுதியிருந்தாலும் காதுக்குப் பாதி வேகமாகத்தான் கேட்கும். அதன் ஸ்நேர் (கூர்மையான டிரம் அடி) மூன்றாவது தட்டில் விழுவதுதான் காரணம்.

90 பி.பி.எம்.மில் நான்கு தட்டு கொண்ட ஒரு பார் 2.67 விநாடி நீளும். 4 பார் தொடக்கம், 8 பார் ஹுக் (திரும்ப வரும் பல்லவி), 16 பார் வெர்ஸ் (சரணம்), மறுபடி ஹுக், இரண்டாவது வெர்ஸ், கடைசி ஹுக் என்று கூட்டினால் 60 பார் வரும். அதாவது 2 நிமிடம் 40 விநாடி. முதல் பாட்டுக்கு இதற்கு மேல் நீளம் வேண்டாம்.

யூடியூபில் 'ஃப்ரீ' என்று போட்டிருக்கும் பீட்டுகள் பெரும்பாலும் காசு வராத பயன்பாட்டுக்கு மட்டும்தான் இலவசம். பாட்டை ஸ்ட்ரீமிங் தளத்தில் ஏற்றியதும் அந்த அனுமதி செல்லாது. லீஸ் (பயன்படுத்தும் உரிமம்) வாங்குங்கள். எம்பி3 லீஸ் விலை குறைவு, ஆனால் மொத்தப் பீட்டும் ஒரே கோப்பாக வரும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் ஸ்டெம் லீஸ்தான் நல்லது. டிரம்ஸ், பேஸ், மெலடி தனித்தனிக் கோப்பாகக் கிடைக்கும். குரலை மறைக்கும் ஒரே ஒரு கருவியை மட்டும் இறக்க அப்போதுதான் வழி இருக்கும். ஒப்பந்தத்தில் எத்தனை ஸ்ட்ரீம் வரை, எத்தனை ஆண்டு, வீடியோவுக்கும் சேர்த்தா என்ற மூன்றையும் படித்த பிறகே பணம் அனுப்புங்கள்.

லீஸ் பீட்டில் பலர் சிக்கும் ஒரு குழி உண்டு. அதே பீட்டை வேறு பத்துப் பேரும் வாங்கியிருப்பார்கள். நீங்கள் பாட்டை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (அதே ஒலி வரும் வீடியோக்களைத் தானே கண்டுபிடிக்கும் ஏற்பாட்டில்) பதிந்தால் அவர்கள் பாட்டின்மீதும் உங்கள் உரிமைக்கோரல் போய் விழும், அவர்கள் பதிந்திருந்தால் உங்கள்மீது விழும். எக்ஸ்க்ளூசிவாக (உங்களுக்கு மட்டும் என்று) வாங்காத பீட்டுக்கு கன்டென்ட் ஐடி பெட்டியை டிக் செய்யாதீர்கள்.

பழைய சினிமாப் பாட்டை வெட்டிப்போட ஆசையா? ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் ஓர் அனுமதி, மெட்டுக்கும் வரிக்கும் உரிமை வைத்திருப்பவரிடம் இன்னோர் அனுமதி, இரண்டும் வேண்டும். 'ஏழு விநாடிக்குள் இருந்தால் பரவாயில்லை' என்று ஊரெல்லாம் சொல்வதற்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

அதைவிட நல்ல வழி, ஊர்க் கருவியை நீங்களே பதிவது. பறை பதிவதானால் தோலைத் தீயில் காய்ச்சியதும் பதிய ஆரம்பித்துவிடுங்கள். சூடு ஆற ஆறத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். முதல் டேக்கும் (ஒருமுறைப் பதிவு) ஐந்தாவது டேக்கும் ஒட்டவே ஒட்டாது. மைக்கை ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். அடிக்குச்சியின் கனத்த ஒலியும் சிண்டுக்குச்சியின் கூர்மையும் அந்தத் தூரத்தில்தான் ஒன்றாகச் சேரும். சிண்டுக்குச்சி ஒலிக்கும் அதே அதிர்வெண் பகுதியில்தான் உங்கள் க, ட, த ஒலிகளும் கேட்கும் என்பதால், குரல் வரும் இடங்களில் மட்டும் பறையை 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் 3 டெசிபல் குறையுங்கள். வாசித்த கலைஞருக்குக் கூலி கொடுங்கள், பாட்டின் விவரத்தில் அவர் பெயரைப் போடுங்கள்.

குத்துத் தாளத்தில் ராப் எழுதும்போது கணக்கு மாறும். ஒரு தட்டு நான்காகப் பிரியாமல் மூன்றாகப் பிரியும். 16 கட்டத்துக்கு எழுதிய வரியை அந்த 12 கட்டத்தில் திணித்தால் மூச்சு முட்டும். அதற்குத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

வரி எழுதுவது

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். முதலில் ஒரு பலவீனமான நான்கு வரி:

*தெருவுல நடக்குறேன்*
*கனவுல மிதக்குறேன்*
*தடையெல்லாம் ஒடைக்குறேன்*
*தனியாத்தான் ஜெயிக்குறேன்*

நான்கும் ஒரே ஒலியில் முடிகின்றன, ஆனாலும் காது சந்தோஷப்படுவதில்லை. தமிழில் வினை வரியின் கடைசியில் வருவதால் 'க்குறேன்' என்ற இயைபு (கடைசி ஒலி ஒத்துவருவது) உழைக்காமலே கிடைத்துவிடுகிறது. அடுத்த வரி எப்படி முடியும் என்று கேட்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. 'டா'வில் முடியும் நூறு பாட்டுகளின் சிக்கலும் இதுதான்.

தமிழ்ச் செய்யுள் வலிமையை வரியின் தொடக்கத்தில் வைத்தது. இரண்டாம் எழுத்து ஒத்துவருவது எதுகை, முதல் எழுத்து ஒத்துவருவது மோனை. ராப்புக்கு இரண்டும் தங்கம். வரியின் முதல் தட்டிலும் மூன்றாம் தட்டிலும் எதுகையை வைத்து, கடைசியில் வினைக்குப் பதில் பெயர்ச்சொல்லை நிறுத்துங்கள்:

*ஒத்தத் தெரு வெளக்கு, கெட்டுப்போயி மூணு மாசம்*
*மெத்தைக்குள்ள மைக்கு, கொட்டித் தீக்கும் எங்க ரோசம்*

ஒத்த–மெத்தை ஒரு ஜோடி, கெட்டு–கொட்டி இன்னொரு ஜோடி, மாசம்–ரோசம் மூன்றாவது. இரண்டே பாரில் மூன்று இடத்தில் காது நிமிர்கிறது.

இதைக் கட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு பாரை 16 கட்டமாகப் பிரியுங்கள், ஒரு தட்டுக்கு நான்கு கட்டம். ஒற்றெழுத்தை (புள்ளி வைத்த மெய்யை) விட்டுவிட்டு எழுத்தை எண்ணுங்கள், ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். ஒ, த, தெ, ரு, வெ, ள, கு என்று முதல் பாதியில் ஏழு எழுத்து, எட்டாவது கட்டம் காலி. 'கெ' சரியாக ஒன்பதாவது கட்டத்தில், அதாவது மூன்றாம் தட்டில் விழும். அடுத்த வரியில் மெ, தை, கு, ள, மை, கு என்று ஆறுதான். ஏழும் எட்டும் காலி, மூச்சு வாங்க இடம். அந்த வரியின் 'மை' ஐந்தாவது கட்டத்தில், ஸ்நேர் அடிக்கும் இரண்டாம் தட்டின் மேலேயே வந்து உட்காருகிறது. கட்டளைக் கலித்துறை என்ற பழைய செய்யுள் வகையும் நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து என்றுதான் எண்ணுகிறது. எண்ணி எழுதுவது நமக்குப் புதிதில்லை.

இயைபும் ஸ்நேரில் விழ வேண்டும் என்றால் 'மூணு', 'எங்க' இரண்டையும் எடுத்துவிடுங்கள். 'மா', 'ரோ' 13-வது கட்டத்துக்கு, நான்காம் தட்டுக்கு வந்துவிடும். இரண்டும் நெடில் என்பதால் இரண்டு கட்டம் இழுக்கலாம். குறிலை இழுக்காதீர்கள். 'மனம்' என்பதை 'மானம்' என்று இழுத்தால் பொருளே மாறிவிடும். நெடிலைக் குறுக்கினாலும் இதே ஆபத்துதான். 'காடு' வேகத்தில் 'கடு' ஆனால் கேட்பவர் தொலைந்துபோவார்.

இன்னொரு இடமும் கவனிக்க வேண்டும். தாளில் எண்ணியது வாயில் குறையும். 'கெட்டு ஆச்சு' என்று எழுதினால் தாளில் நான்கு எழுத்து, வாயிலோ 'கெட்டாச்சு' என்று மூன்றாகிவிடும். சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் 'உ' (குற்றியலுகரம்) அடுத்த உயிரைக் கண்டால் ஓடிவிடும். வரியின் வால் ஒரு கட்டம் முன்னால் வந்து, தாளம் நழுவியதுபோல் கேட்கும். அதனால் தாளில் எண்ணுவதோடு நிறுத்தாமல் மெட்ரோனோமில் வாய்விட்டுச் சொல்லியும் எண்ணுங்கள்.

வழக்கு விஷயத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடலாம்: உங்கள் வீட்டுத் தமிழில் எழுதுங்கள். திருநெல்வேலிக்காரர் வடசென்னைத் தமிழில் ராப் செய்தால் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். 2006-இல் யோகி பி-யும் நட்சத்ராவும் 'வல்லவன்' ராப் ஆல்பத்தை மலேசியாவிலிருந்துதான் கொண்டுவந்தார்கள். 2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு சென்னையில் மேடையேறியபோது கானாவும் ராப்பும் ஒன்றாக நின்றன. 2019-இல் ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் 'தெருக்குரல்' ஆல்பத்தைத் தந்தார்கள். கோலாலம்பூர், யாழ்ப்பாணம், டொராண்டோ, அரக்கோணம் என்று ஒவ்வொரு வாய்க்கும் ஒரு சந்தம் இருக்கிறது. அந்தச் சந்தத்தைக் கடன் வாங்க முடியாது.

பதிவு

அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். 'ட்ர்ர்' என்று ஓர் அதிர்வு திரும்பி வந்தால் எதிரெதிர் வெறுஞ்சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். நம் ஊர் கான்கிரீட் வீடுகளில் இது எப்போதும் இருக்கும். பலரும் மைக்குக்குப் பின்னால் ஃபோம் ஒட்டி ஏமாந்துபோகிறார்கள். கார்டியாய்டு மைக் தன் முன்பக்கத்தைத்தான் கேட்கும், அங்கே நிற்பது நீங்களும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரும். அதனால் மெத்தையை உங்கள் முதுகுப் பக்கம் நிறுத்துங்கள். இரண்டாவது மெத்தையோ தடித்த ஜமுக்காளமோ பக்கவாட்டில் இருக்கட்டும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்தாலும் உதவும்.

மின்விசிறி, ஏ.சி., பக்கத்து அறை ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஹெட்ஃபோனில் 'ம்ம்' என்று ஓர் உறுமல் கேட்டால் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். எர்த் இல்லாத இரண்டு பின் சார்ஜரால் பெரும்பாலும் இது வரும்.

தெருவில் ஆட்டோ ஓடும் வீட்டுக்கு கண்டென்சர் மைக் ஏற்றதில்லை. அது ஹாரனையும் சேர்த்தே பதியும். ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் போதும், வாயிலிருந்து நான்கு விரல்கடை தூரத்தில். அறை அமைதியாக இருந்து கண்டென்சர் வைத்தால் ஒரு சாண் தூரம், இன்டர்ஃபேஸில் மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தான் போட்டிருக்க வேண்டும். பாப் ஃபில்டர் (வாய்க்காற்றைத் தடுக்கும் வலை) இல்லையென்றால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுத் திருப்புங்கள். 'ப'வின் காற்று பக்கவாட்டில் போய்விடும்.

மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று அமைக்கவும். பதியும்போது பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 128 சாம்பிள், மிக்ஸ் செய்யும்போது 1024. பஃபர் பெரிதாக இருக்கும்போது பதிந்தால் உங்கள் குரல் உங்களுக்கே தாமதமாகக் கேட்கும், நீங்களும் தாளத்தைவிட்டுப் பின்வாங்குவீர்கள். வெர்ஸின் மிகச் சத்தமான வரியைச் சொல்லிப் பார்த்து, மீட்டர் −12-க்கும் −6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கும்படி கெய்னை (மைக்கின் உள்ளீட்டு அளவை) வையுங்கள். சிவப்பைத் தொட்ட டேக்கை எந்த ப்ளக்-இன்னாலும் மீட்க முடியாது. மென்பொருள் ரீப்பர், பேண்ட்லேப், கேரேஜ்பேண்ட் எதுவானாலும் சரி. எஃப்எல் ஸ்டுடியோவின் சோதனைப் பதிப்பை மட்டும் கவனமாகப் பயன்படுத்துங்கள். சேமித்த ப்ராஜெக்டை வாங்கும்வரை மறுபடி திறக்க விடாது.

வெர்ஸை வரிவரியாக ஒட்டாமல் முழுதாக நான்கு டேக் பாடுங்கள். பிறகு நல்ல துண்டுகளைப் பொறுக்கிச் சேருங்கள். ஒவ்வொரு டேக்கிலும் ஒன்றை மட்டும் சோதியுங்கள்: வரியின் கடைசி எழுத்து கேட்கிறதா? தமிழில் யார், எப்போது என்பதெல்லாம் வினையின் வாலில்தான் இருக்கிறது. மூச்சு தீர்ந்து அந்த வால் விழுங்கப்பட்டால் 'வந்தேன்' என்றாரா 'வந்தான்' என்றாரா தெரியாது. வால் தேய்ந்தால் திரும்பப் பாடாதீர்கள், வரியைத் திருத்துங்கள். ஒரு சொல்லை எடுத்தால் மூச்சுக்கு இடம் வந்துவிடும்.

டபுள் ட்ராக் (அதே வரியை மறுபடி பாடி மேலே சேர்ப்பது) முழு வெர்ஸுக்கும் வேண்டாம். எதுகைச் சொல்லுக்கும் கடைசிச் சொல்லுக்கும் மட்டும் ஒருமுறை சேர்த்துப் பாடி, முதன்மைக் குரலைவிட 10 டெசிபல் கீழே வையுங்கள். ஆட்-லிப்புக்கு (வரிகளுக்கு நடுவில் போடும் சின்னக் குரல்களுக்கு) தனி ட்ராக் போடுங்கள்.

மிக்ஸ், மாஸ்டர்

குரலில் முதலில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். 250 முதல் 400 வரை உள்ள பகுதியில் பானைக்குள் பேசுவதுபோல் இருந்தால் 3 டெசிபல் இறக்குங்கள். கம்ப்ரஸர் (சத்தமான இடங்களை அமுக்கும் கருவி) 4:1, அட்டாக் (அமுக்கத் தொடங்கும் நேரம்) 10 மில்லி விநாடி, ரிலீஸ் (விடும் நேரம்) 60, மீட்டர் 4 முதல் 6 டெசிபல் வரை குறைக்கட்டும். அட்டாக்கை 1 மில்லி விநாடிக்குக் கொண்டுபோனால் ட, க, ப-வின் முதல் வெடிப்பு நசுங்கி, வரி மழுங்கிவிடும். 'ச' சீறினால் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் டீ-எஸ்ஸர். ரிவெர்ப் (எதிரொலி) மிகக் கொஞ்சமாக. குரலை முன்னே கொண்டுவர அதை ஏற்றிக்கொண்டே போகாமல், ஸ்டெம்மில் மெலடியை 2 டெசிபல் இறக்கிப் பாருங்கள்.

மாஸ்டரின் (வெளியிடும் இறுதிக் கோப்பின்) உரப்பு −14 எல்.யு.எஃப்.எஸ். (சராசரிச் சத்தத்தின் அளவை), உச்சம் −1 டெசிபல் என்றால் ஸ்பாட்டிஃபை பாட்டைத் தொடாது. அதைவிடச் சத்தமாகக் கொடுத்தால் அதுவே இறக்கிவிடும். நசுக்கிய நசுக்கல் மட்டும் மிச்சமாகும். ஹிப்-ஹாப்பில் −10 வரை போவது சகஜம். அப்படிப் போனால் உச்சத்தை −2-இல் நிறுத்துங்கள்.

பிறகு கடைசிச் சோதனை. வரிகளைப் படிக்காத ஒருவரிடம் போன் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். அவர் தவறாக எழுதிய ஒவ்வொரு சொல்லும் நீங்கள் திருத்த வேண்டிய இடம். இரண்டு மூன்று சொல் தவறினால் மிக்ஸில் சரிசெய்யலாம். முழு வரியே போனால் மறுபடி மைக் முன்னால் போங்கள்.

வெளியீடு, உரிமை, பணம்

ஏற்றும் முன்பு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள்: வரி யாருடையது, இசை யாருடையது, எத்தனை சதவீதம், தேதி. வரிக்குப் பாதி, இசைக்குப் பாதி என்பது பரவலான வழக்கம். நண்பர்களுக்குள் தாள் எதற்கு என்று தோன்றும். நட்பு கெடாமல் இருக்கத்தான் தாள். 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாடலாசிரியரும் இசையமைத்தவரும் தமக்குரிய ராயல்டி பங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட முடியாது. அப்படி ஒரு விதி இருக்கும் ஒப்பந்தத்தைக் கண்டால் கேள்வி கேளுங்கள். வரிக்கும் இசைக்கும் உரிய பங்கு ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கம் வழியாக வரும். உறுப்பினராகிப் பாட்டைப் பதிந்தால்தான் கிடைக்கும். பாட்டைத் தளங்களில் ஏற்றித்தரும் விநியோக நிறுவனம் கொடுப்பது ஒலிப்பதிவுக்கான பணம் மட்டுமே.

விநியோகத்துக்கு டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், ரூட்நோட் என்று பல உண்டு. ஆண்டுக் கட்டணத்தில் ஓடுவனவற்றில் கட்டணம் நின்றால் பாட்டு இறங்கிவிடலாம், படித்துச் சேருங்கள். வெளியீட்டு நாளுக்கு நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபையில் ப்ளேலிஸ்ட்டுக்குப் பரிந்துரைக்கக் குறைந்தது 7 நாள் வேண்டும். அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல் சதுரம், அதில் இணைய முகவரியோ தளச் சின்னமோ கூடாது. மேடைப் பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பாட்டு வேறொருவர் பக்கத்தில் போய் உட்காரும். கெட்ட வார்த்தை இருந்தால் 'எக்ஸ்ப்ளிசிட்' குறியிடுங்கள்.

பணத்தை உடனே எதிர்பார்க்காதீர்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது.

சைஃபரும் மேடையும்

ஊரில் ஒரு சைஃபர் (மாறிமாறி ராப் செய்யும் வட்டம்) கூட்ட எட்டுப் பேர் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் முறை வருவதற்குள் ஆள் கலைந்துவிடும். வட்டமாக நின்று, ஆளுக்கு 16 பார், 90 பி.பி.எம்.முக்கு அருகில் ஒரே பீட். சாதி, உடல், ஒருவர் வீட்டுப் பெண்கள் பற்றிய வசை கூடாது என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பெண்கள் வந்து பாடும் வட்டமா இல்லையா என்பது அந்த ஒரு விதியில்தான் தீர்மானமாகிறது. பொது இடத்தில் ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை கூடவே கூடாது. பேட்டரியில் ஓடும் சின்ன ஸ்பீக்கரைத் தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூலில் வையுங்கள்.

மேடைக்கு முழுப் பாட்டை எடுத்துப்போய் அதன் மேலேயே பாடினால் உங்கள் இரண்டு குரலும் மோதி இரண்டுமே புரியாது. ஹுக்கின் பின்குரல் மட்டும் உள்ள இன்ஸ்ட்ருமென்டலைத் தனியாக எடுத்துச் செல்லுங்கள், பென் டிரைவில் ஒன்று, போனில் ஒன்று. மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது பார்க்க கெத்தாக இருக்கும், ஆனால் பொத்தினால் மைக் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கி ஸ்பீக்கர் வீறிடும், குரலும் கம்மிப்போகும். உடல் பகுதியைப் பிடித்து, வாய்க்கு இரண்டு விரல் தள்ளி, நேராக வையுங்கள். சவுண்ட் செக்கில் 'ஹலோ ஹலோ' சொல்லி நேரத்தைப் போக்காமல் வெர்ஸின் மிக வேகமான நான்கு பாரைப் பாடுங்கள். ஒரு நண்பரைக் கடைசி வரிசையில் நிறுத்தி, எந்தச் சொல் வந்துசேரவில்லை என்று கேளுங்கள். சவுண்ட் அண்ணனிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் எந்தக் குமிழைத் திருப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.